எவ்வளவு டைட்? ரைஃபிள் குழலும் ரிசீவரும்: ஒரு பழைய சண்டை

அமெரிக்காவில் ரைஃபிள் பட்டறைக்காரர்களும் இலக்குச் சுடும் போட்டிக்காரர்களும் ரொம்ப நாளாகப் போடும் சண்டை ஒன்று உண்டு. குழலை ரிசீவரில் எவ்வளவு இறுக்கமாகப் பொருத்த வேண்டும்? ஒரு கட்சி, நீளமான நெம்புகோலைப் போட்டு உடம்பு பலம் முழுக்கக் காட்டி இறுக்கு என்கிறது. இன்னொரு கட்சி, கையால் திருகிவிட்டு ரெஞ்சில் லேசாக ஒரு பிடி பிடித்தால் போதும் என்கிறது. மூன்றாவதாக ஒரு கட்சி இருக்கிறது: ரிசீவரைச் சூடாக்கி, அது விரிந்திருக்கும் நேரத்தில் குழலை உள்ளே இறக்கி, ஆறும்போது அதுவே கவ்விக்கொள்ளட்டும் என்பவர்கள். மூன்று பேரும் கடைசியில் சொல்வது ஒன்றேதான்: "இப்படிச் செஞ்ச பிறகு என் துப்பாக்கி முன்னைவிட நல்லா சுடுது."

எனக்குத் துப்பாக்கி மேல் பெரிய ஆசை கிடையாது. இரண்டு இரும்புத் துண்டுகளை ஒன்றாக நிற்க வைப்பது எப்படி என்ற கேள்வி மேல் உண்டு. அந்தக் கண்ணோடு இந்த விவாதத்தைப் படித்தால் ஒரு குறை பளிச்சென்று தெரிகிறது. எல்லோரும் "எவ்வளவு" என்று கேட்கிறார்கள். சுடும்போது விசை எந்த வழியாகப் போகிறது என்று கேட்கிறவர் குறைவு. அதைக் கேட்காமல் கொடுக்கிற எந்த எண்ணும் அரைகுறைதான்.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. நம்ம ஊர் லேத் பட்டறையில் "டைட்டா இருக்கு" என்றால் இரண்டு அர்த்தம். ஷாஃப்ட் துளைக்குள் இடைவெளி இல்லாமல் போகிறது என்பது ஒன்று. நட்டை ஸ்பேனர் போட்டு முறுக்கியிருக்கிறது என்பது இன்னொன்று. முதலாவது அளவு சம்பந்தப்பட்டது, மைக்ரோமீட்டரில் பார்ப்பது. இரண்டாவது விசை சம்பந்தப்பட்டது. ஆங்கிலத்திலும் இதே கதை, ஒரே சொல். ரைஃபிள் விவாதத்தில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஆனால் இவை ஒன்றுக்கொன்று எதிராகவே வேலை செய்யக்கூடியவை. ரெமிங்டன் 700 மாதிரி துப்பாக்கிகளில் குழலின் பின்முனையில் மரை வெட்டி, அதற்கு முன்னால் தோள் மாதிரி ஒரு படி விட்டிருப்பார்கள். மரையில் திருகினால் அந்தத் தோள் ரிசீவரின் முகத்தில் போய் உட்காரும். குழல் நேராக நிற்பதைத் தோள்தான் தீர்மானிக்க வேண்டும். மரையை இடைவெளியே இல்லாமல் வெட்டிவிட்டால், மரை ஒரு பக்கம் இழுக்கும், தோள் ஒரு பக்கம் இழுக்கும். அதனால்தான் போட்டித் துப்பாக்கி செய்கிற பலர் மரையைக் கொஞ்சம் தளர்வாகவே விட்டுவிட்டு, தோளைச் செங்குத்தாக வெட்டுவதில் உயிரை விடுகிறார்கள். ஒரு டைட் நன்றாக அமைய, இன்னொரு டைட்டைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

சரி, விசைக்கு வருவோம். ஒரு சின்ன விளக்கம் முதலில். துப்பாக்கியில் போல்ட் என்றால் நட்டு-போல்ட் கிடையாது. தோட்டாவுக்குப் பின்னால் வந்து அடைத்துப் பூட்டிக்கொள்கிற எஃகு உருளை. ரெமிங்டன் 700, மவுசர் 98 வகைகளில் இந்தப் போல்ட்டின் பற்கள் ரிசீவருக்குள் போய்ப் பூட்டுகின்றன. குழல் தனி, ரிசீவர் தனி, நடுவில் மரை.

.308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ. நமக்குப் பழகின கணக்கில் சதுர செ.மீ.க்குச் சுமார் 4,360 கிலோ. கார் டயரில் இருப்பது இரண்டு கிலோ சொச்சம். பித்தளைக் கூட்டின் உள்விட்டம் ஏறத்தாழ 10 மி.மீ. என்று வைத்தால், போல்ட்டைப் பின்னால் தள்ளும் விசை 3.4 டன். அந்த விசை போல்ட்டின் பற்கள் வழியாக ரிசீவருக்குப் போகிறது. அதே வாயு, கூட்டின் முன்பக்கச் சரிவில் அழுத்திக் குழலை முன்னால் தள்ளுகிறது. குண்டின் விட்டம் 7.8 மி.மீ.; அதன் பரப்பைக் கழித்தால் அந்த முன்விசை 1.3 டன். அதோடு, பின்னால் உதைத்துக்கொண்டு போகிற ரிசீவர் குழலையும் கூடவே இழுத்துக்கொண்டு போகணும், குழலுக்கும் எடை இருக்கிறதே. எல்லாம் சேர்த்தால், மரை இணைப்பைப் பிரிக்கப் பார்க்கிற விசை ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு இரண்டு டன் பக்கம் வருகிறது. விரிந்த பித்தளை சேம்பர் சுவரைப் பிடித்துக்கொண்டால் இது குறையும். என் கணக்கு தோராயமானதுதான், ஆனால் ரகம் தெரிந்துவிடுகிறது: கிலோ கணக்கு இல்லை, டன் கணக்கு.

இனிமேல் இது நம் ஊர் மெக்கானிக் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். என்ஜின் சிலிண்டர் ஹெட்டை ஸ்டட் போட்டு இறுக்குவது ஏன்? உள்ளே வெடிக்கிற விசையைவிட இறுக்கிய பிடிப்பு அதிகமாக இருக்கணும். இருந்தால் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் வாய் திறக்காது, ஸ்டட்டும் ஒவ்வொரு வெடிப்புக்கும் முழுச் சுமையை வாங்காது. பிடிப்பு குறைந்தால் கேஸ்கெட் போகும். குழல் இணைப்பும் அதே ரகம். தோளில் இருக்கும் பிடிப்பு விசை இரண்டு டன்னுக்கு மேல் இருந்தால் தோள் ரிசீவரின் முகத்தை விட்டு நகராது. குறைவாக இருந்தால் ஒவ்வொரு முறையும் மயிரிழை திறந்து மூடும். திறந்து மூடுவதாவது பரவாயில்லை. மூடும்போது அதே இடத்தில் உட்காருமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியை ஒழுங்காகக் கேட்டவர் ஹெரால்ட் வான். அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பொறியாளர். 1998-இல் வெளிவந்த இவருடைய புத்தகம் 'ரைஃபிள் அக்யூரசி ஃபேக்ட்ஸ்'. சுடுபவர்களின் உலகத்தில் அனுபவமும் வதந்தியும் ஒன்றாகக் கலந்து ஓடிக்கொண்டிருந்தபோது, துப்பாக்கியில் அளவுக் கருவிகளைப் பொருத்தி, எது எவ்வளவு அசைகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தவர். குழல்-ரிசீவர் மரை இணைப்பு சுடும்போது நகர்கிறது, அதுவே சிதறலுக்கு ஒரு காரணம் என்பது இவர் வாதம். சாதாரண மரையில் முதல் சில சுற்றுகளே சுமையின் பெரும்பகுதியை வாங்குகின்றன, மீதி சும்மா இருக்கின்றன என்கிற பழைய பொறியியல் உண்மையையும் இதில் கொண்டுவந்து சேர்த்தார்.

புத்தகம் எனக்குப் பிடித்தது. ஆனால் அதைப் படித்தவர்கள் எடுத்துக்கொண்டது பிடிக்கவில்லை. வான் சொன்னது ஒரு காரண-காரியச் சங்கிலி: விசை இவ்வளவு, பிடிப்பு இவ்வளவு, ஆகவே அசைவு. வாசகர்கள் கையில் மிஞ்சினது "இன்னும் இறுக்கு" என்கிற ஒரு வரி. வான் மேலும் ஒரு குறை சொல்லலாம். அவருடைய முக்கியமான சோதனைகள் .270 தோட்டாவுக்கான ஒரு வேட்டை ரைஃபிளைச் சுற்றியே நடக்கின்றன. ஒரு துப்பாக்கியை இந்த அளவு குடைந்து பார்த்தது பெரிய விஷயம். ஆனால் அதன் குணம் எல்லாத் துப்பாக்கிகளுக்கும் பொது என்று எடுத்துக்கொள்ள அந்தப் புத்தகமே போதாது.

"இன்னும் இறுக்கு" என்பதில் இருக்கிற பெரிய ஓட்டை இதுதான்: டார்க் ரெஞ்சில் நாம் படிக்கிறது முறுக்கு, பிடிப்பு இல்லை. முறுக்கினதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு, தோளின் முகத்திலும் மரையிலும் உராய்விலேயே தீர்ந்துபோகிறது. மீதி பத்தில் ஒன்றுதான் பிடிப்பாக மாறுகிறது. உராய்வு கொஞ்சம் மாறினாலும் அந்த ஒரு பங்கு எகிறும் அல்லது சரியும். ரெமிங்டன் 700-இன் மரை விட்டம் 27 மி.மீ. அதை 100 அடி-பவுண்டு, அதாவது 135 நியூட்டன் மீட்டர் முறுக்கினால், சாதாரண எண்ணெய்ப் பூச்சில் 2.5 டன் பிடிப்பு கிடைக்கும் என்று பாடப்புத்தகச் சூத்திரம் சொல்கிறது. நல்ல கிரீஸ் தடவினால் அதே 100-க்கு 4 டன் வரை போகலாம். காய்ந்த எஃகு, அதுவும் ஸ்டெயின்லெஸ் மேல் ஸ்டெயின்லெஸ் உரசிப் பிய்கிற நிலையில், 1.7 டன்னுக்கே இறங்கலாம். மேலே சொன்ன இரண்டு டன்னோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே எண்ணில் முறுக்கிய மூன்று துப்பாக்கிகளில் இரண்டு வாய் திறக்காது, ஒன்று திறக்கும். "நான் 60-லதான் போட்டேன், அருமையா சுடுது", "நான் 120-ல போட்டேன், சிதறுது" என்று இரண்டு பேர் சண்டை போட்டால், இரண்டு பேரும் உண்மையே சொல்லியிருக்கலாம். என்ன கிரீஸ், எந்த உலோகம், தோள் முழுசாக உட்கார்ந்ததா இல்லை ஒரு ஓரம் மட்டும் தொட்டதா என்று யாரும் கேட்கவில்லை, அவ்ளோதான்.

அப்படியானால் உடம்பு பலம் முழுக்கக் காட்டி இறுக்குகிற பழக்கம் எங்கிருந்து வந்தது? ராணுவத் தொழிற்சாலைகளிலிருந்து என்றுதான் நினைக்கிறேன், அங்கே காரணம் வேறு. பழைய ராணுவ ரைஃபிள்களில் முன்குறி குழல் மேலேயே இருக்கும். குழல் முழுக்க இறுகி நிற்கும்போது குறி சரியாகத் தலைக்கு நேர் மேலே வரணும். அதனால் கையால் திருகும்போது சில பாகை முன்னாலேயே தோள் முட்டும்படி அளவு வைத்து, மீதியை நெம்புகோலால் இழுத்து, குழலிலும் ரிசீவரிலும் போட்ட கோடுகள் ஒன்றுசேரும் வரை கொண்டுவந்தார்கள். எவ்வளவு டைட் என்பதைக் கோடுதான் முடிவு செய்தது. ஒரு குழலுக்கு அது லேசாக முடியும், இன்னொன்றுக்கு முரட்டுத்தனமாக முடியும். போர்க்களத்தில் கழலக்கூடாது என்கிற கவலைக்கும் அது தோதாக இருந்தது. துல்லியத்தை அதிகமாக்கணும் என்று யாரும் அதைச் செய்யவில்லை.

இதற்கு ஒரு விலை இருந்தது. முதல் உலகப் போரின்போது பென்சில்வேனியாவின் எடிஸ்டோன் ஆலையில் எம்1917 ரைஃபிள்கள் பத்து லட்சத்துக்கு மேல் தயாராயின. இவற்றின் குழல்கள் அநியாயத்துக்கு இறுக்கமாகப் போடப்பட்டவை, பிற்பாடு வேட்டைத் துப்பாக்கியாக மாற்றக் குழலைக் கழற்றியபோது பல ரிசீவர்களில் வெடிப்பு விழுந்தது என்பது அமெரிக்கப் பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிற எச்சரிக்கை. வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் நஷ்டம் ரிசீவரோடு போயிற்று. தெரியாமல் போய், அதில் புதுக் குழல் போட்டு, முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒருவர் சுட்டால்? அதனால் அனுபவசாலிகள் ஒரு வேலை செய்வார்கள். துப்பாக்கியை லேத்தில் கட்டி, ரிசீவர் முகத்துக்குச் சற்று முன்னால், குழலின் தோளில் ஒரு பள்ளம் வெட்டிவிடுவார்கள். தோள் விட்டுக்கொடுத்ததும் பிடிப்பு காணாமல் போகும். ஆள் தொங்கியும் அசையாத குழல் சாதுவாகக் கழன்று வரும். குழல் வீண், ரிசீவர் பிழைத்தது. முறுக்கு வேறு, பிடிப்பு வேறு என்பதற்கு இதைவிட நல்ல செயல்விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

தோளே இல்லாமலும் வேலை நடக்கும். நிக்கோலஸ் ப்ரூவர் வடிவமைத்து 1958-இல் வந்த சாவேஜ் 110-இல் குழல் மேல் ஒரு நட்டு. குழலைத் திருகி, போல்ட்டுக்கும் தோட்டாவுக்குமான இடைவெளியை கேஜ் வைத்துப் பார்த்து, நட்டால் பூட்டினால் தீர்ந்தது. .308-க்கு அந்த இடைவெளியில் ஏற்கத்தக்க கேஜுக்கும் ஏற்கத்தகாத கேஜுக்கும் வித்தியாசம் 0.1 மி.மீ.தான், அதனால் இது சின்ன வசதி இல்லை. மலிவாகச் செய்யத்தான் இந்த ஏற்பாடு. நுணுக்கமாகக் கடைந்த தோள் இல்லாமல் துல்லியம் வராது என்று அடித்துச் சொல்கிறவர்கள், பெட்டியிலிருந்து எடுத்தவுடனே நன்றாகச் சுடும் துப்பாக்கி என்று சாவேஜுக்கு இருக்கும் பெயரைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இப்போது மூன்றாவது கட்சி, சூடாக்குகிறவர்கள். இவர்கள் பேசுவது பெரும்பாலும் ஏஆர்-15 பற்றி. அங்கே விஷயமே தலைகீழ். அதில் போல்ட்டின் பற்கள் ரிசீவரில் பூட்டுவதில்லை. குழலின் பின்முனையில் திருகிய ஒரு எஃகு நீட்சிக்குள் பூட்டுகின்றன. போல்ட்டைப் பின்னால் தள்ளுகிற விசை முழுக்க எஃகுக்குள்ளேயே பிறந்து எஃகுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதனால்தான் ரிசீவரை அலுமினியத்தில் செய்ய முடிந்தது. அந்த நீட்சி ரிசீவருக்குள் செருகி நிற்கும், முன்னாலிருந்து ஒரு நட்டு அதன் விளிம்பை ரிசீவர் முகத்தோடு சேர்த்து அழுத்தும். சுடும்போது குழல் முழுசாகப் பின்னால் உதைக்கிறது, அதாவது விளிம்பு ரிசீவர் முகத்தின் மேலேயே போய் அழுந்துகிறது. ரெமிங்டனில் ஒவ்வொரு வெடியும் இணைப்பைப் பிரிக்கப் பார்க்கிறது. ஏஆரில் சேர்த்து வைக்கிறது!

இதைக் கவனிக்காமல் ஒரு துப்பாக்கியின் எண்ணை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஏஆர் நட்டுக்கு அமெரிக்க ராணுவக் கையேடு தரும் அளவு 30-லிருந்து 80 அடி-பவுண்டு வரை. ஏன் இவ்வளவு அகலம்? நட்டின் பல் இடைவெளி வழியாக வாயுக்குழாய் நேராகப் போகணும். அடுத்த பல் வரும்வரை முறுக்கிக்கொள் என்பதுதான் அதன் பொருள். மறுபடியும் கோடு சேர்க்கிற கதைதான். 30-இல் பல் நேராக வந்த துப்பாக்கியும் 80-இல் வந்த துப்பாக்கியும் ஒரே கிடங்கிலிருந்து ஒரே படைக்குப் போகின்றன. இதில் "சரியான எண் 55" என்று சாதிக்கிறவரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

சூடாக்குகிறவர்கள் பேசுவது இந்த முறுக்கைப் பற்றி இல்லை, அளவைப் பற்றி. அலுமினியத் துளைக்கும் எஃகு நீட்சிக்கும் நடுவில் இடைவெளி இருந்தால், விளிம்பு பக்கவாட்டில் நழுவ இடம் இருக்கிறது. குழலின் முனை கனத்தில் தொங்கும்போதும், நட்டோடு சேர்ந்த கைப்பிடியில் முட்டுக்கால் போட்டு அழுத்தும்போதும் அது மாறி மாறி உட்காரலாம். இது நியாயமான வாதம், மூன்று கட்சிகளில் காரணத்தைச் சரியாகச் சொல்வது இவர்கள்தான். பேரிங்கை எண்ணெயில் காய்ச்சி ஷாஃப்ட்டில் போடுவதும், மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி மாட்டுவதும் இதே தத்துவம்தான்.

ஆனால் அங்கே இரும்பு மேல் இரும்பு, அல்லது மரம் மேல் இரும்பு. இங்கே எஃகின் மேல் அலுமினியம். அலுமினியம் எஃகைப் போல இரண்டு மடங்கு விரியும். துளையின் விட்டம் 25.4 மி.மீ. நீட்சி அதைவிட 0.0127 மி.மீ., அதாவது அரை தவு பெரிதாக இருக்கும்படி சூடாக்கிப் போட்டோம் என்று வையுங்கள். இரண்டும் சேர்ந்து 42 டிகிரி சூடேறினால் அந்தப் பிடிப்பு சரியாகப் பூஜ்யம். கோடை வெயிலில் கறுப்புத் துப்பாக்கியை வைத்து இரண்டு மேகசின் தொடர்ந்து சுட்டால் அந்தப் பக்கம் போய்விடலாம். குழல் பக்கம் எஃகு அதிகமாகச் சூடாகி அதுவும் விரியும், கொஞ்சம் ஈடுகட்டும். இரண்டு மடங்கு சூடேறினால்தான் முழுசாக ஈடுகட்டும். ஆக, குளிர்ந்த குழலில் மெதுவாகச் சுடுகிறவருக்கு இது கொடுக்கிற நிலைத்தன்மை, வேகமாகச் சுடுகிறவருக்கு நடுவழியில் கரைந்துபோகிற நிலைத்தன்மை. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு முறையை விற்கிறவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

இன்னொரு வேடிக்கை. ஏஆரில் உண்மையாகவே டன் கணக்கில் சுமை தாங்குகிற மரை ஒன்று இருக்கிறது: குழலுக்கும் அந்த எஃகு நீட்சிக்கும் நடுவில் இருக்கிற மரை. அதைத் தொழிற்சாலையிலேயே முறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. அதனால் அதைப் பற்றி ஒரு சண்டையும் இல்லை.

கடைசியாக, "முன்னைவிட நல்லா சுடுது" என்கிற சாட்சியம். ஐந்து குண்டு சுட்டு, மிகத் தள்ளி விழுந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தை அளப்பது வழக்கம். எதையுமே மாற்றாமல் ஒரே துப்பாக்கியில் இப்படி அடுத்தடுத்து சுட்டாலும், அந்தத் தூரம் சராசரியிலிருந்து நாலில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதும் குறைவதும் சகஜம் என்று புள்ளியியல் சொல்கிறது. மூன்று குண்டு என்றால் இன்னும் மோசம். இறுக்குவதற்கு முன் ஒரு தாள், இறுக்கிய பின் ஒரு தாள், முப்பது சதவீதம் முன்னேற்றம் என்று படம் போடுவது, பூவா தலையா போட்டுப் பார்த்ததை ஆராய்ச்சி என்று சொல்வது மாதிரி. அதுவும் குழலைக் கழற்றி மாட்டினால் முறுக்கு மட்டுமா மாறுகிறது? தோள் துடைக்கப்பட்டது, புது கிரீஸ் வந்தது, மரத்தண்டின் திருகுகளும் கழன்று மறுபடி இறுகின.

ஒழுங்காகச் சோதிக்க வழி இருக்கிறது. ஒரே குழல், ஒரே ரிசீவர், ஒரே கிரீஸ், ஒரே கட்டுத் தோட்டா. 40, 70, 100, 130 என்று நாலு முறுக்கு. வரிசையைக் குலுக்கிப்போட்டு, சுடுகிறவருக்கு எந்த முறுக்கு என்று சொல்லாமல், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஐம்பது குண்டு, அதை இரண்டு சுற்று. மொத்தம் நானூறு. .308 குழலுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த நுணுக்கங்களுக்காக அதிகமாகச் சண்டை போடுகிறவர்கள் வைத்திருக்கும் போட்டிக் குழல்கள் பல, ஆயிரத்துச் சொச்சம் குண்டிலேயே தொண்டை தேய்ந்து மாற்ற வேண்டிய ரகம். பாதி ஆயுளை இதற்குச் செலவழிக்க யாரும் முன்வருவதில்லை. முன்வந்தாலும், நானூறாவது குண்டு போகும்போது அந்தக் குழலே முதல் குண்டைச் சுட்ட குழலாக இருக்காது.